ஹவுளு நீரும் குளோரின் அளவும்

பள்ளிவாசல் ஹவுளின் கரையில் நாள்தோறும் ஐந்து வேளை ஒளு நிகழ்கிறது. ஒரே நீரில் பலர் கை நனைத்து, வாய் கொப்புளித்து, நாசிக்குள்ளும் நீர் செலுத்துகின்றனர். பத்துக்குப் பத்து முழப் பரப்புள்ள ஹவுளில் அழுக்கு வீழ்ந்தாலும், நிறம், சுவை, மணம் மாறாதவரை அந்நீர் தூயதே என்பது ஹனபி மத்ஹபின் சட்டம். அது வணக்கத்திற்குரிய தூய்மையின் வரையறை. நோய்க்கிருமிக்கோ நிறமுமில்லை, சுவையுமில்லை, மணமுமில்லை. 1884இல் இராபர்ட் காக் கல்கத்தாவில், மக்கள் புழங்கிய குளத்து நீரிலேயே காலராக் கிருமியைக் கண்டார். மூளையைத் தாக்கும் அமீபா ஒன்று நாசி வழியாகவே உட்புகுகிறது. கராச்சியில் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் அதனால் மாண்டோருள் பெரும்பாலோர் நீச்சலுக்குச் செல்லாதவர்கள். ஒளுச் செய்த நீரே காரணமாயிருக்கலாம் என மருத்துவர்கள் கருதினர்.

நம் சங்கரன்கோவில் வட்டாரம் வானம் பார்த்த கரிசல் பூமி. ஹவுளை அடிக்கடி இறைத்து நிரப்புதல் இங்கு எளிதன்று. எனவே வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு வாரம் முழுதும் கவலையற்றிருக்கும் வழக்கம் உண்டு. ஜும்ஆ வேளையில் கண் எரியும். சனிக்கிழமை சோதித்தால் குளோரின் இராது. திறந்த நீரிலுள்ள குளோரினில் பாதியை உச்சிவெயில் ஒரு மணி நேரத்திற்குள் அழித்துவிடும். எஞ்சியதை வியர்வையும் பாசியும் உண்டுவிடும்.

குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டுமென்பது இந்தியத் தர அளவு. நீச்சல் குளத்திற்கு 1 மில்லிகிராமாவது வேண்டும். பலர் உடல் தோயும் நீராதலால், ஹவுளைக் குடிநீர்த் தொட்டியோடன்றி நீச்சல் குளத்தோடு ஒப்பிடுவதே பொருத்தம் என்பது என் கருத்து. 20 அடி நீளம், 10 அடி அகலம், 3 அடி ஆழமுள்ள ஹவுளில் ஏறத்தாழ 17,000 லிட்டர் நீர் கொள்ளும். அதற்கு 17 கிராம் குளோரின் தேவை. பிளீச்சிங் பவுடரில் நூற்றுக்கு 25 பங்கே குளோரின் எனக் கொண்டால் ஏறத்தாழ 70 கிராம் தூள் வேண்டும். புதுத்தூளில் 33 பங்கு வரை இருக்கும். வாய் திறந்து கிடந்த மூட்டையிலோ மிகக் குறைவு. தூளை வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்றுதல் வேண்டும்.

இஷாவுக்குப் பின் இடுவதே ஏற்றது. இரவில் வெயிலில்லை; பஜ்ர் வரை கிருமிகள் மடியப் போதிய நேரமும் உண்டு.

மூக்கைத் துளைக்கும் நெடி வீசினால் குளோரின் மிகுந்துவிட்டதென்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது வியர்வையோடும் சிறுநீர்க் கசிவோடும் குளோரின் கூடிப் பிறந்த குளோரமீனின் நெடி. அந்நிலையில் தூளை நிறுத்துவது தவறாகவே முடியும். நீரின் காரத்தன்மையும் கவனத்திற்குரியது. பி.எச். எண் 7.5இல் குளோரினின் பாதியளவே வீரியத்தோடிருக்கும், 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்கே தேறும்.

அளவறிய குளோரோஸ்கோப் என்னும் சிறு கருவி போதும். மருந்துத் துளிகளை விட்டதும் தோன்றும் மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு அளவைப் படிக்கலாம். பஜ்ருக்கு முன்னும் அஸருக்கு முன்னும் மோதினார் அதைப் பார்த்து, தொழுகை நேரப் பலகையின் ஓரத்தில் எழுதிவைக்கலாம். மாலை எண் 0.5க்குக் கீழிறங்கினால் அன்றிரவு தூளின் அளவைச் சற்றுக் கூட்ட வேண்டும்.