அபராதம் செலுத்துவதோ, வழக்காடுவதோ?

வரம்பு கடந்த வேகத்தில் மோட்டார் வண்டி ஓட்டியதாக அறிவிப்புச் சீட்டு வருமாயின், பணத்தைச் செலுத்துவதோ, நியாயஸ்தலத்தில் மறுத்துரைப்பதோ என்னும் ஐயம் எவர்க்கும் எழும்.

இந்தியாவில் இதனை ஆள்வது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவாகும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கார் முதலிய இலகுரக வாகனங்களுக்கு அபராதம் 1,000 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரையாம். தொகை சிறிதேயெனினும், அக்குற்றம் மீண்டும் நிகழின் ஓட்டுநர் உரிமத்தையே கைப்பற்ற அப்பிரிவு வகை செய்கின்றது. ஆகவே பணத்தை மாத்திரம் எண்ணி முடிவு செய்தல் தகாது.

ஒரே சாட்சி தம் கண்மதிப்பாற் கூறும் வேகம் தண்டனைக்குப் போதாதென்றும், அது கருவியால் அளந்து பெறப்பட்டதாதல் வேண்டுமென்றும் அப்பிரிவே கூறுகின்றது. ஆதலின் ஆராயத்தக்கவை மூன்று: சீட்டிற்கண்ட எண் நம் வண்டியினதா? குறித்த பொழுதில் அது அவ்விடத்துச் சென்றதா? வேகம் எதனால் அளக்கப்பட்டது? இவற்றுள் ஒன்றிலேனும் பிழை புலப்படின், அலைச்சலுக்கு அஞ்சாது ஆதாரங்களுடன் மறுத்தல் முறையாம். செய்யாத குற்றத்தைச் சோம்பலால் ஏற்றல் நேர்மையன்று.

மெய்யாகவே விரைந்தோட்டியவரோ, கருவியிற் குற்றம் நாடுவதை விடுத்து, அபராதத்தைச் செலுத்தி, இனி நிதானமாய்ச் செல்லுதலே தக்கது. அவ்வரம்பு வீதியில் நடப்போரின் உயிர்க்காக ஏற்பட்டதன்றோ?