சூரை பிடிக்கத் தடி, றீல், நூல் தெரிதல்

கிழக்குக் கரையோரங்களிற் பெரும்போக நெல் தை முதற் பங்குனி வரையில் அறுவடையாகின்றது. குளநீர் பாயும் வயல்களில் உடனே சிறுபோக வேலை தொடங்கிவிடும். மானாவாரி நிலம் மட்டும் உடைய கமக்காரருக்கோ புரட்டாதி வரையில் வயலில் அதிக வேலையில்லை. வாடைக் காற்று ஓய்ந்து கீழ்க்கடல் அமைதியடைவதும் இக்காலத்திலேயாம். மூதூர், வாழைச்சேனை, திருக்கோவில் போன்று வயலும் கடலும் அடுத்தடுத்துள்ள இடங்களில், அயலவரின் படகிற் சேர்ந்து சூரை பிடிக்க விரும்பும் கமக்காரர் நெல் விற்ற பணத்தைக் கொண்டே தூண்டிற் சாமான் வாங்க நேரும். அப்பணத்தில் விதைநெல்லுக்கும் உழவுக்கும் உரியதை முதலில் ஒதுக்கிவைத்து, மிகுதியில் எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்பதை ஆராய்தல் வேண்டும்.

மீனின் இயல்பை அறிந்தாற் சாமானைத் தெரிவது எளிது. சூரையினம் ஓயாது நீந்துவது. நீந்தாவிடின் அதன் பூக்களில் நீர் பாயாது. கொளுக்கி பட்டவுடன் பாறையில் ஒளிக்காமல், நேரே ஆழத்தை நோக்கியோ திறந்த கடலை நோக்கியோ நெடுந்தூரம் ஓடும். சந்தையிற் பலயா எனப்படும் வரிச்சூரை பெரும்பாலும் சில கிலோகிராம் நிறையே உள்ளது. கெலவல்லா எனப்படும் மஞ்சட்செட்டைச் சூரையோ 100 கிலோவுக்கு மேலும் வளரும். மலிவான றீலைக் கொண்டு இத்தகைய பெருமீனை எதிர்ப்பது வீண். வரிச்சூரையையும், 20 கிலோவுக்குட்பட்ட இளங் கெலவல்லாவையும் மனத்திற் கொண்டே கீழ்வருவன கூறப்படுகின்றன.

றீல் வேண்டுமா?

முதலாவது பருவத்திற் கடலுக்குச் செல்பவருக்கு றீல் அவசியமன்று. மாலைதீவிற் பலயா பிடிப்போர் வெறுந்தடியும், தடியின் நுனியிற் கட்டிய நூலும், மடலில்லாத கொளுக்கியும் கொண்டே பெருந்தொகையான மீனைப் பிடித்து வந்திருக்கின்றனர். உயிர் இரையை நீரில் வீசி மீனைக் கூட்டமாகப் படகருகே வரவழைப்பதே அம்முறையின் உயிர்நிலை. இரைமீனை உயிருடன் வைத்திருக்கத் தொட்டி வசதியுள்ள படகு அதற்கு வேண்டும். சிறு படகிற் செல்வோருக்குக் கைத்தூண்டிலே பொருத்தமானது. இதற்கு 100 முதல் 150 இறாத்தல் வரை தாங்கும் பருத்த தங்கூசி நூலை வாங்குதல் நன்று. அவ்வளவு பலம் மீனுக்குத் தேவையன்று, கைக்கே தேவை. மெல்லிய நூல் ஓடும்போது விரலை அறுத்துவிடும். கையுறை அணிதல் வேண்டும். நூலைக் கையிற் சுற்றிப் பிடித்தல் எக்காரணங்கொண்டும் கூடாது. நூலைக் கூடையிலோ மரச் சட்டத்திலோ சுருட்டி வைத்து, அதன் நடுவே எவரும் காலை வையாதபடி பார்த்துக்கொள்க.

றீல்

ஒரு பருவம் பழகியபின் றீல் வாங்க விரும்புவோர், கையிலுள்ள பணத்திற் பெரும்பகுதியை இதற்கும் நூலுக்குமே செலவிடுதல் தகும். கடைகளில் இரு வகை உண்டு. ஒன்றில் உருளை அசையாதிருக்க நூல் அதன் விளிம்பினின்று உருவிச் செல்லும். மற்றதில் உருளையே கிணற்றுக் கப்பியைப் போற் சுழலும். வீசி எறிவதற்கு முன்னையது வசதியானது. படகினின்று இறக்கிவிடுவதற்கும் இழுத்துச் செல்வதற்கும் பின்னையதே போதும். ஒரே விலைக்கு இதிற் பலமும் அதிகம்.

விளம்பரத்திற் காணும் குண்டுபோதிகையின் எண்ணிக்கையைக் கண்டு விலை கொடாதீர்கள். றீலின் உயிர் அதன் பிறேக்கு ஆகும். மீன் ஓடும்போது நூலை விட்டுக்கொடுத்தும், அதேவேளை மீனைக் களைக்கச் செய்தும் காப்பது இதுவே. கடையிலேயே நூலைக் கட்டிப் பிறேக்கைச் சற்று இறுக்கி மெதுவாக இழுத்துப் பார்க்குக. நூல் ஒரே சீராக வரின் நன்று. நின்று நின்று வெட்டி வெட்டி வருமாயின், விலை பாதியாயினும் அதை விட்டுவிடுக. அந்த ஒவ்வொரு வெட்டும் கடலில் நூலை அறுக்கும். இதே சோதனையிற் தேறிய பழைய றீல் ஒன்று, தேறாத புதிய றீலிலும் மேலானது. பழையதை வாங்கும்போது கைப்பிடியின் ஆட்டத்தையும், உப்புப் பூத்த ஆணிகளையும் கவனிக்க.

நூல்

தங்கூசி நூல் மலிவானது. இழுபடும் தன்மையுடையதாதலாற் பழகாத கையின் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். ஆயின் வெயில் அதன் பலத்தைக் கெடுக்கும். பின்னல் நூல் அதே பலத்திற்கு மிக மெல்லியது. ஆகவே சிறு றீலிலும் அதிக நீளம் கொள்ளும். விலையோ பன்மடங்கு. உருளையின் அடிப்பாகத்தைத் தங்கூசியால் நிரப்பி, மேற்பாகத்திற்கு மட்டும் பின்னல் நூலைச் சுற்றினாற் செலவு குறையும். பின்னல் நூல் உருளையில் வழுக்குவதும் நிற்கும். மேற்பாகம் தேய்ந்தபின் நூலைத் தலைகீழாக மாற்றிச் சுற்றினால், உள்ளிருந்த புதுப் பாகம் மேலே வரும்.

வரிச்சூரைக்கு 30 இறாத்தல் நூலும், இளங் கெலவல்லாவுக்கு 50 இறாத்தல் நூலும் 300 மீற்றர் வரையில் வேண்டும். நூலின் பலம் அதிலுள்ள முடிச்சின் பலமேயாம். முடிச்சை நனைத்து மெதுவாக இறுக்குக. உலர்ந்த நிலையில் இறுக்கினால் உராய்வின் சூட்டில் நூல் கெடும்.

தடி

பணத்தை மிச்சப்படுத்தக்கூடிய இடம் இதுவே. காபன் நாராலான தடி இலேசானது. ஆயினும் படகின் விளிம்பில் ஒருமுறை மோதிக் கீறலுற்றால் எதிர்பாராத வேளையில் முறியும். கண்ணாடி நாராலான தடி பாரமாயினும் முரட்டுக் கையாளலைத் தாங்கும், விலையும் குறைவு. படகுக்கு ஆறடி நீளம் போதுமானது. நூல் செல்லும் வளையங்களின் உட்புறத்தைப் பஞ்சினாற் துடைத்துப் பார்க்குக. பஞ்சு சிக்குமாயின் அங்கே வெடிப்பு உண்டு. அது நூலை அரத்தைப்போல் அராவும்.

பிறேக்கை அளந்து வைத்தல்

மரக்கறி நிறுக்கும் விற்றராசு இதற்கு உதவும். நூல் நுனியைத் தராசின் கொளுக்கியிற் கட்டி, தடியை ஏந்தியபடி இழுத்து, நூல் ஓடத் தொடங்கும் நிறையைப் பார்க்க. அது நூலின் பலத்தில் நாலில் ஒன்றாயிருத்தல் பழகாதவருக்கு ஏற்றது. 50 இறாத்தல் என்பது ஏறக்குறைய 22½ கிலோ; ஆகவே பிறேக்கை 5½ கிலோவில் வைக்கவேண்டும். மீன் ஓடி, உருளையிற் சுற்றிய நூலின் விட்டம் பாதியாகக் குறையும்போது அதே பிறேக்கு 11 கிலோவாக இழுக்கும். மீன் தூரம் போகப் போகப் பிறேக்கை இறுக்குவது பலரும் செய்வது. அவ்வேளையிற் சிறிது தளர்த்துவதே முறை. மீன் நூல் முழுவதையும் கொண்டுபோகுமாயின், கையிற் கத்தி இருக்கட்டும்.

மட்டுமீறி மெல்லிய நூலும் நட்டமே. நெடுநேரம் போராடிய சூரையின் உடல் சூடேறித் தசை வெளிறிப் பழுதாகும். வியாபாரி விலையைக் குறைப்பார். மீனை ஏற்றியவுடன் இரத்தத்தை வடித்து, மீனின் நிறைக்குச் சமமான பனிக்கட்டியில் இடுதல் வேண்டும். சூட்டிற் கிடந்த சூரையிற் தோன்றும் ஹிஸ்டமின் என்னும் நஞ்சு சமைத்தாலும் நீங்காது. ஆதலாற் பனிக்கட்டிப் பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து விலையுயர்ந்த தடி வாங்குதல் அறிவுடைமையன்று. படகுப் பதிவு, தொழில் அனுமதி ஆகியன 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழிற் சட்டத்தின்கீழ் வருவன. அவைபற்றிப் பிரதேசக் கடற்றொழிற் பரிசோதகரிடம் கேட்டறிக.

புரட்டாதியில் ஏர் பூட்டுமுன் றீலை நன்னீரிற் கழுவி நிழலில் உலர்த்தி, பிறேக்கை முற்றாகத் தளர்த்தி வைக்கவேண்டும். இறுக்கிய நிலையிற் கிடந்தால் உள்ளிருக்கும் தட்டுக்கள் ஒட்டிக்கொள்ளும். யூரியா மூடைகள் அடுக்கிய அறையில் அதை வையாதீர்கள். உரத்தினின்று எழும் அமோனியா ஆவி ஈரத்துடன் சேர்ந்து பித்தளைப் பாகங்களில் வெடிப்பை உண்டாக்கும். நூலை எலி எட்டாத தகரப் பெட்டியில் இட்டு மூடுக.