‘கொஞ்சம் சின்னதாக’ என்றால் எத்தனை அங்குலம்?

காஞ்சிபுரம் பட்டுத் தறியில் ஒரு பாவு (நீளவாக்கு நூல்) ஏற்றினால் வழக்கமாக மூன்று புடவை நெய்யலாம். பாவைப் பிணைத்து முடிப்பதே பொறுமையைச் சோதிக்கும் வேலை. கோர்வைப் புடவை என்றால் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட வேண்டும். கூட இன்னொரு ஆளும் உட்கார வேண்டும். நூல் ஏறிய பிறகு கரையின் அகலத்தை மாற்றுவது நடக்காத காரியம். இந்தத் தொழில் தெரிந்த, காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையின் நெசவாளர் ஒருவருக்குச் சென்னைக் கடையிலிருந்து இப்படி ஒரு மின்னஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

“வணக்கம் அண்ணே. போன தடவை அனுப்பினது நல்லா இருந்தது. அதே மாதிரி இன்னும் கொஞ்சம் வேணும். பார்டர் மட்டும் கொஞ்சம் சின்னதா இருக்கட்டும். சீக்கிரம் தேவைப்படுது. பார்த்துச் செய்யுங்க.”

எழுதியவருக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. அவர் மேசைமேல் புடவை விரிந்து கிடக்கிறது. கரை எவ்வளவு குறைய வேண்டும் என்பது கண்ணிலேயே தெரிகிறது. படிப்பவரிடம் இருப்பதோ இந்தச் சில வரிகள். போன தடவை இரண்டு நிறம் அனுப்பினோமே, எது? இன்னும் கொஞ்சம் என்றால் மூன்றா, ஆறா? சீக்கிரம் என்றால் ஆவணி முகூர்த்தத்துக்கா, தீபாவளிக்கா? ஃபோன் போட்டுக் கேட்டால் தீர்ந்துவிடும். கேட்கக் கூச்சப்பட்டு, ஊகித்துப் பாவை ஏற்றிவிட்டால் மூன்று புடவையும் போச்சு.

இந்தக் கோளாறுக்கு உளவியலில் ‘அறிவின் சாபம்’ என்று பெயர். ஒன்றைத் தெரிந்துகொண்ட பிறகு, அது தெரியாதவரின் நிலையை மனத்தால் எட்டிப் பார்ப்பது மூளைக்கு மிகவும் கடினம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் 1990-இல் தம் ஆய்வேட்டுக்காகச் செய்த சோதனை இதற்குப் புகழ்பெற்ற சான்று. ஒருவர் பிரபலமான ஒரு பாட்டை மனத்துக்குள் பாடியபடி மேசையில் விரலால் தாளம் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவர் காதில் முழுப் பாட்டும் ஒலிக்கிறது. கேட்பவர் காதில் விழுவது டொக் டொக் மட்டும்.

மின்னஞ்சலை வைத்தே இதைச் சோதித்தவர்கள் ஜஸ்டின் குரூகரும் நிக்கலஸ் எப்லியும். 2005-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், மாணவர்கள் சில வாக்கியங்களை நிஜமாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் இன்னொருவருக்குத் தெரிவிக்க வேண்டும். சிலர் குரலில் சொன்னார்கள், சிலர் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். எது கிண்டல், எது நிஜம் என்று எதிராளி 100-க்கு 78 தடவை சரியாகச் சொல்வார் என்று இரு சாராரும் எதிர்பார்த்தார்கள். குரலில் கேட்டவர்கள் ஏறக்குறைய அந்த அளவை எட்டினார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் சரியாகச் சொன்னது 56. கண்ணை மூடிக்கொண்டு காசு சுண்டினாலே 50 கிடைக்கும்.

ஆகவே, மின்னஞ்சல் எழுத்தைப் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் இலக்கணம், மரியாதைச் சொற்கள், கையெழுத்துப் பகுதி எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சமாகவே படுகின்றன. அறையில் இல்லாத ஒருவர் அதைப் படித்து, திருப்பிக் கேட்காமல் வேலையை முடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இதற்கு நல்ல உதாரணம் எந்த அலுவலகத்திலும் இல்லை. ஓரிக்கையிலிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போகும் சாலையில், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது.

முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919-இல், அவ்வூர்ச் சபை தன் வாரியங்களுக்கு ஆளெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டியது. இரண்டே ஆண்டுகளில், 921-இல், அதே விதிகளைத் திருத்தி மறுபடி வெட்டியது. இரண்டாவது கல்வெட்டு முதலாவதைவிட விரிவானது. வயது வரம்பே மாறியது: முதலில் 30-க்கு மேல் 60-க்குள், பிறகு 35-க்கு மேல் 70-க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும், கடைசி மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. ‘வசதியுள்ளவர்’, ‘அண்மையில் பதவி வகிக்காதவர்’ என்று எழுதியிருந்தால் ஒவ்வொரு ஆண்டும் சண்டைதான்.

கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது என்ற விதி இன்னும் சுவையானது. உறவினர் என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கவில்லை. சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், தாய்மாமன், உடன்பிறந்தவன், மாமனார், மனைவியின் உடன்பிறந்தவன், சகோதரியின் கணவன், மருமகன், தந்தை, மகன் என்று பட்டியல் நீள்கிறது. முன்பு யாரோ “அவர் எனக்கு உறவே இல்லை, மச்சான்தான்” என்று வாதாடியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்!

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையும் அப்படியே. ஊரின் 30 குடும்புகளுக்கும் (பகுதிகளுக்கும்) தனித்தனி ஓலைக்கட்டு; ஒவ்வொரு கட்டுக்கும் மேலே குடும்பின் பெயர் எழுதிய வாயோலை. கூடியிருக்கும் நம்பிமாரில் (கோயில் பூசகர்களில்) மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுக்க வேண்டும். அது வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கப்பட்டு, அதிலிருந்து அதே சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் தர வேண்டும். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டும். அங்குள்ள நம்பிமார் எல்லாரும் அதை வாசிக்க வேண்டும். நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களுக்குள் நடந்த இந்தத் தேர்வை இன்றைய வாக்குரிமைக்கு முன்னோடியாக மேடையில் முழங்குவது எனக்கு ஒப்பாது. ஆனால் யார், எதை, எப்படி, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதியதில் அந்தச் சபையைக் குறை சொல்ல இடமில்லை.

அங்கிருந்து நம் அரசுக் கடிதத்துக்கு வருவோம். “மேற்காண் பொருள் தொடர்பாக, பார்வையில் காணும் கடிதத்தின்மீது தக்க மேல்நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.” யார் கேட்கிறார், யாரிடம், எதற்குள்? தமிழ் வாக்கியம் வினையில் முடிவதால்தான் இந்தச் சுற்றல் என்று சிலர் சொல்வதுண்டு. கல்வெட்டும் தமிழ் வாக்கியம்தானே, அதில் ஆள் காணாமல் போகவில்லை. ‘படுகிறது’ என்று முடித்தால் எழுதியவருக்குப் பொறுப்பு விட்டுப்போகிறது, அவ்வளவுதான்.

ஆள் காணாமல் போனால் என்ன ஆகும் என்பதை இஸ்ரேலின் டெக்னியான் நிறுவனத்தில் கிரெக் பாரனும் எல்டாட் யெஹியமும் பார்த்தார்கள். இங்கே உயிரியல் துறை இருக்கிறதா என்று கேட்கும் மின்னஞ்சல் சிலருக்குத் தனியாகப் போனது. சிலருக்கு, இன்னும் நான்கு பேர் பெயரும் தெரியும்படி போனது. தனியாகப் பெற்றவர்களே அதிகம் பதில் எழுதினார்கள், பயனுள்ள பதிலாகவும் எழுதினார்கள். 2002-இல் வெளியான முடிவு இது. ஐந்து பேருக்கு ‘சிசி’ போட்டு “யாராவது பார்க்கவும்” என்று எழுதுகிறவர்கள் கவனிக்கலாம்.

அரசுக் கடிதத்தில் ஒன்று மட்டும் அருமையானது: தலையில் இருக்கும் ‘பொருள்’ வரி. மின்னஞ்சலும் அதைப் பிடித்துக்கொண்டது. 1971-இல் ரே டாம்லின்சன் கணினிகளுக்கிடையே முதல் மின்னஞ்சலை அனுப்பினார். அனுப்புநர், தேதி, பொருள் என்ற தலைப்பு வரிகளுக்கு 1973-இல் வகுத்த வரைவை அவரோடு சேர்ந்து எழுதியவர்களில் ஒருவர் அபய் பூஷண், ஐஐடி கான்பூரின் முதல் அணி மாணவர். கைபேசித் திரையில் அந்த வரியின் முதல் நாலைந்து சொற்களே தெரியும். ‘ஆர்டர் தொடர்பாக’ என்று போட்டு அதை வீணாக்கக் கூடாது.

நம் கடைக்காரர் இப்படி எழுதியிருக்கலாம். பொருள்: 3 புடவை, கரை 4 அங்குலம், ஆகஸ்ட் 20-க்குள். “அண்ணே, மே மாதம் அனுப்பிய மாம்பழ நிறக் கோர்வைப் புடவை போலவே 3 வேண்டும். அதில் கரை 6 அங்குலம். இதில் 4 போதும். முந்தியில் மாற்றமில்லை. தேதி முடியாதென்றால் பாவு ஏற்றும் முன் எனக்குச் சொல்லுங்கள்.” முதலாவதைவிட நீளம் அதிகமில்லை.

குரூகரும் எப்லியும் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். அனுப்பப்போகும் வரியைத் தான் நினைத்ததற்கு நேர்மாறான தொனியில் உரக்கப் படிக்கச் சொன்னபோது, எதிராளிக்குப் புரிந்துவிடும் என்ற மிதப்பு குறைந்தது. “சரக்கு இன்னும் வரவில்லை” என்று சாதாரணமாகத்தான் எழுதியிருப்பீர்கள். அதைக் கடுகடுப்பான குரலில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். “லாரி ஷெட்டில் விசாரிக்க ரசீது எண் அனுப்புங்கள்” என்று அடுத்த வரி தானாக வந்து சேரும்.