பட்டமும் பதவியும்

பட்டம் பெறுதல் வேறு. பதவி பெறுதல் வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலமே பட்டதாரிக்குப் பெருஞ் சோதனையாகும்.

1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது பட்டதாரிகள் மிகச் சிலரே. அரசாங்க உத்தியோகம் அவர்க்கு எளிதிற் கிட்டிற்று. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி உயர்கல்வியின் வாயிலை ஏழைக்குந் திறந்தது. கற்றோர் தொகை பெருகிற்று. உத்தியோகங்கள் அவ்வளவிற்குப் பெருகவில்லை. 1971 இல் டட்லி சியர்ஸ் தலைமையில் ஆராய்ந்த சர்வதேசத் தொழில் தாபனக் குழு, வேலைவாய்ப்பும் இளைஞர்தம் எதிர்பார்ப்பும் தம்முட் பொருந்தாமையை எடுத்துக்காட்டிற்று.

வர்த்தமானியைப் புரட்டி, விண்ணப்பம் அனுப்பி, விடைக்குக் காத்திருக்கும் இளைஞனை, “இன்னும் ஒன்றுஞ் சரிவரவில்லையோ?” என அயலார் வினவுவர். அவ்வினா அவன் தகுதியையே ஐயுறுவதாக அவனுக்குத் தோன்றும். தாமதம் நாட்டின் பொருளாதார அமைப்பால் நேர்வது. அவன் கல்வியின் குறையன்று. இதனைப் பெற்றாரும் ஆசிரியரும் முதலில் உணர்தல் வேண்டும்.