'கரண்ட்' என்ற ஒரே சொல்லும் மூன்று மின் அளவுகளும்

இயற்பியல் படிக்கும் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கும் அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் இந்தப் பகிர்வு.

"கரண்ட் போச்சு", "கரண்ட் பில் வந்திருச்சு", "கரண்ட் அடிச்சிருச்சு" என்றுதானே வீட்டில் பேசுகிறோம்? முதலாவதில் மின்வழங்கல் நின்றுவிட்டது. இரண்டாவது, பயன்படுத்திய மின்னாற்றலுக்கான கட்டணம். மூன்றாவதில்தான் உண்மையிலேயே மின்னோட்டம் உடல் வழியே பாய்கிறது. பேச்சில் இது குற்றமில்லை. விடைத்தாளில் மதிப்பெண் போகும்.

அண்மையில் என் மாணவி ஒருத்தி, "கம்பியில் 230 வோல்ட் ஓடுகிறது" என்று எழுதியிருந்தாள். வோல்ட் ஓடாது! ஒவ்வொரு சொல்லையும் அதற்குரிய வினையோடு சேர்த்தே படியுங்கள்.

மின்னழுத்தம்: இரு புள்ளிகளுக்கு இடையே இருக்கும். அலகு வோல்ட். சுவரில் சுவிட்சைப் போட்டுவிட்டு எதையும் மாட்டாமல் விட்டாலும் அங்கே 230 வோல்ட் இருக்கும்; மின்னோட்டமோ சுழியம்.

மின்னோட்டம்: கம்பி வழியே பாயும். அலகு ஆம்பியர்.

மின்திறன்: ஒரு வினாடியில் எவ்வளவு மின்னாற்றல் வெப்பமாகவோ ஒளியாகவோ மாறுகிறது என்பதைக் காட்டும். அலகு வாட்.

'இடையே' இருப்பதை அளக்கும் வோல்ட்மீட்டரை இணையாகவும், 'வழியே' பாய்வதை அளக்கும் அம்மீட்டரைத் தொடராகவும் பொருத்துகிறோம். இதை மனப்பாடம் செய்யவே தேவையில்லை, பாருங்கள்.

மூன்றையும் இணைக்கும் சூத்திரம்:

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

இப்போது உங்கள் வீட்டு எக்ஸ்டென்ஷனைப் பாருங்கள். பெரும்பாலும் அதன் பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். 230 × 13 = 2990 வாட். அதுதான் எல்லை. 2200 வாட் கெட்டிலையும் 1300 வாட் இஸ்திரிப் பெட்டியையும் ஒன்றாக மாட்டினால் மொத்தம் 3500 வாட். 3500 ÷ 230 = ஏறத்தாழ 15.2 ஆம்பியர்.

"ஃபியூஸ் போயிடும், பயமில்லை" என்று நினைக்காதீர்கள். எல்லையைக் கொஞ்சம் தாண்டினால் ஃபியூஸ் உடனே உருகாது. அதற்குள் பிளக்கும் கம்பியும் சூடேறும். மின்னோட்டம் இரு மடங்கானால் அதே கம்பியில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். தளர்ந்த இணைப்பு இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே, இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டாதீர்கள்.

ஆசிரியர்களே, வீட்டிலுள்ள மூன்று கருவிகளின் அடியில் ஒட்டியிருக்கும் வாட் அளவைக் குறித்து வரச் சொல்லுங்கள். மின்னோட்டத்தை மாணவர்களே கணக்கிடட்டும்.

மாணவர்களே, உங்களுக்கு இரண்டு கேள்விகள்:

1. 5 வோல்ட், 2 ஆம்பியர் தரும் கைப்பேசி சார்ஜரின் வெளியீட்டு மின்திறன் என்ன?
2. 230 வோல்ட்டில் இயங்கும் 1000 வாட் சோறு குக்கரில் எவ்வளவு மின்னோட்டம் பாயும்?

விடை: 10 வாட், ஏறத்தாழ 4.35 ஆம்பியர். அலகை எழுத மறந்துடாதீங்க!