நெற்பயிருக்கு உரம்: அளவே நலம்

பாவுக்குக் கஞ்சி குறைந்தாலும் இழை அறும், மிகுந்தாலும் அறும் என்பதை நம் நெசவாள அங்கத்தினர்கள் நன்கறிவர். நெல்லுக்கு இடும் உரமும் அத்தகையதே.

தழைச்சத்து போதாவிடில் பயிர் வெளிறும், தூர் குறையும், கதிர் சிறுக்கும். போதிய அளவு இட்டால் தூரும் மணியும் பெருகும். ஆயினும், அளவு ஏற ஏற, கூடுதலாக இடும் ஒவ்வொரு மூட்டைக்கும் கிடைக்கும் கூடுதல் நெல் குறைந்துகொண்டே வரும். எல்லை மீறினால் பயிர் கரும்பச்சையாய்த் தழைத்துப் பின் சாயும்; குலைநோயும் புகையானும் எளிதில் பற்றும்; பதர் மிகும். களத்தில் நெல் குறைய, உரத்திற்கு வாங்கிய கடன் மட்டும் குறையாது நிற்கும்.

மண் பரிசோதனை செய்யாத நிலையில், காவிரிப் பாசனப் பகுதியின் குறுகிய கால ரகங்களுக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150, மணிச்சத்து 50, சாம்பல் சத்து 50 கிலோ என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ உள்ளது. ஆகவே ஏக்கருக்கு 3 மூட்டைக்குச் சற்றுக் குறைவாகவே போதும். டி.ஏ.பி. இட்டிருப்பின், அதிலுள்ள தழைச்சத்தையும் கழித்துக்கொள்ள வேண்டும். இதனை ஒரே முறையில் கொட்டாமல், நடவு, தூர் கட்டல், கதிர் உருவாதல், கதிர் வெளிவரல் என நான்கு பருவங்களில் பிரித்து இடுதல் நலம்.

மண்ணைச் சோதித்து, அளவறிந்து உரமிடுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.