பழைய ஜீப் வாங்கும் சங்கத்தார் கவனத்திற்கு

பழவேற்காடு ஏரிக் கரையிலும், ஏரிக்கும் கடலுக்கும் இடையேயுள்ள மணல் திட்டுகளிலும் அமைந்த குப்பங்களுக்குப் பொதுவான குறை ஒன்று உண்டு. மீன் கரையேறும் இடம் ஒன்று. அதற்கு விலை கிடைக்கும் இடம் வேறொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் சிறிது தூர மணலும் உளையுமே அங்கத்தினரின் ஆதாயத்தில் பெரும் பகுதியை விழுங்கிவிடுகின்றன. தார்ச்சாலையை அடைந்துவிட்டால் பொன்னேரி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சென்னை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அத்தார்ச்சாலையை அடைவதே பெரும்பாடாகிறது. கூடையிலுள்ள இறாலும் நண்டும் வழி உலரும்வரை காத்திரா.

முற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் வழியே படகுகள் சென்னைக்குச் சரக்குக் கொண்டு சென்றன. அவ்வழக்கம் ஒழிந்தபின் எல்லாம் சக்கரத்தை நம்பியே நடக்கின்றன. ஆகவே, "மணலிலும் சேற்றிலும் போகக்கூடிய பழைய ஜீப் ஒன்றை மலிவாக வாங்கிவிட்டால் என்ன?" என்ற கேள்வி நிர்வாகக் கமிட்டிகளில் அடிக்கடி எழுகிறது. கேள்வி நியாயமானதே. நூல் கட்டுகளை ஏற்றிச் செல்லும் நெசவாளர் சங்கத்துக்கும், வயல் வழியே உர மூட்டை கொண்டுசெல்லும் விவசாயச் சங்கத்துக்கும் இக்கேள்வி உண்டு. எனினும் வாங்கும் பணம் அங்கத்தினர்கள் பங்குத் தொகையாகச் சேர்த்த பணம். எனவே எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது, வாங்கத்தான் வேண்டுமா என்னும் மூன்றையும் இங்கே ஆராய்வோம்.

நான்கு சக்கரமும் இழுப்பது எதற்கு?

சாதாரண வண்டியில் எஞ்சினின் பலம் இரண்டு சக்கரங்களுக்கே செல்லும். அவ்விரண்டும் மணலில் புதைந்தால் மற்ற இரண்டும் வெறுமனே நிற்கும். நாம் கருதும் வண்டியில் கியர்ப் பெட்டியை அடுத்து 'டிரான்ஸ்பர் கேஸ்' என்னும் மற்றொரு பெட்டி இருக்கும். ஓட்டுநர் அதன் தண்டை மாற்றினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். அதிலேயே 'லோ' என்னும் தாழ்ந்த நிலையும் உண்டு. அதில் வண்டி நடைவேகத்தில் சென்றாலும் சக்கரத்தில் இழுப்புப் பலம் பன்மடங்காகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய ஜீப்புகளில் இந்நிலையை உலர்ந்த தார்ச்சாலையில் உபயோகிக்கலாகாது. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் செல்லும் தூரம் வெவ்வேறாகும். மணலில் சக்கரம் சற்று வழுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை. அதனால் உள்ளேயுள்ள பற்சக்கரங்கள் முறுக்குண்டு சேதமாகும். சங்க வண்டிகளில் இப்பெட்டி பழுதாவதற்கு ஓட்டுநருக்கு இதை எடுத்துச் சொல்லாமையே பெரும்பாலும் காரணம்.

எந்த வண்டி?

நம் நாட்டில் ஜீப் என்ற சொல் 1947 முதல் மஹீந்திரா கம்பெனியார் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இணைத்து விற்றதிலிருந்து வேரூன்றியது. 1952 இல் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கியபின் வட்டார அலுவலர்களின் ஜீப் கிராமந்தோறும் அறிமுகமாயிற்று. இன்று பழைய வண்டிச் சந்தையில் நம் தேவைக்கு அகப்படுபவை பெரும்பாலும் நான்கு வகை.

முதலாவது, மஹீந்திராவின் எம்.எம். 540 போன்ற பழைய டீசல் ஜீப்புகள். மின்னணுச் சாதனம் ஏதுமில்லாதவை. கிராமத்து மெக்கானிக்கே பிரித்துச் சேர்க்கலாம். உதிரிப் பாகங்கள் சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். ஆனால் வயது அதிகம்.

இரண்டாவது, 1985 இல் வெளிவந்து 2019 வரை விற்பனையான மாருதி ஜிப்ஸி. பெட்ரோல் வண்டி. எடை ஏறத்தாழ 1,000 கிலோ மட்டுமே ஆதலால் மணலில் எளிதில் புதையாது. இடமும் சுமை தாங்கும் சக்தியும் குறைவு. பெட்ரோல் செலவு அதிகம்.

மூன்றாவது, 2010 இல் வந்த முதல் மஹீந்திரா தார். இதில் 'டி.ஐ.' என்னும் எளிய எஞ்சின் கொண்டவை நமக்கு ஏற்றவை. 'சி.ஆர்.டி.இ.' எஞ்சின் பலம் மிக்கதாயினும் அதன் மின்னணு இணைப்புகளை உப்புக்காற்று தாக்கினால் குப்பத்தில் சரிசெய்ய இயலாது.

நான்காவது, பொலீரோ கேம்பர், பிக்கப் ஆகியவற்றில் நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. பின்னால் திறந்த தட்டு இருப்பதால் ஐஸ் பெட்டிகளையும் வலைகளையும் ஏற்ற மிக வசதி. சரக்கு வண்டியாகப் பதிவாகியிருப்பதும் ஓர் அனுகூலம். அதன் காரணம் பின்னர் வரும்.

தோற்றத்தைக் கண்டு ஏமாறுதல் கூடாது. ஜீப் உருவில் இருப்பவற்றில் பல இரண்டு சக்கரம் மட்டுமே இழுப்பவை. வேறு வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டி, அகன்ற டயர் மாட்டி, பளபளப்பாக விற்கப்படுபவையும் உண்டு. தயாரிப்பாளர் அமைத்த உருவை மாற்றிய வண்டி சட்டத்துக்குப் புறம்பானது என்பதை 2019 இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துள்ளது.

உப்பே முதல் எதிரி

மலைநாட்டில் பழைய ஜீப் வாங்குவோர் முதலில் எஞ்சினைப் பார்ப்பர். நாம் முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் அடிச்சட்டம். எஞ்சின் கெட்டால் வேறு எஞ்சின் உண்டு. அடிச்சட்டம் துருவேறி இற்றுப்போனால் வண்டியே இல்லை. உவர்நீரும் கடற்காற்றும் அதை வெளிப்புறத்தில் தாக்குவதைவிட உட்புறத்திலேயே அதிகம் தாக்குகின்றன. பெட்டி போன்ற இரும்புச் சட்டத்தினுள் புகுந்த உப்புச் சேறு உலராமல் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும்.

ஒரு சங்கத்தார் புதிதாகக் கறுப்பு வர்ணம் தீட்டிய ஜீப் ஒன்றைச் சென்னையில் வாங்கினர். எஞ்சின் நன்றாக ஓடியது. இரண்டாம் மழைக்காலத்தில், சுமையோடு வரப்பு ஒன்றில் ஏறியபோது ஸ்பிரிங் பட்டை தாங்கும் இடத்தில் சட்டம் பிளந்துவிட்டது. வர்ணத்தின் அடியில் இருந்தது பெரும்பாலும் துருவும் தகர ஒட்டும்தான். தணிக்கையில் அவ்வண்டியின் மதிப்பை இரும்பு விலைக்குக் குறைத்து எழுத நேர்ந்தது.

ஆகவே, வண்டியைப் பள்ளத்தின்மீது நிறுத்தி, கீழே இறங்கி, பின்வருவனவற்றைச் சோதிக்க வேண்டும்.

1. அடிச்சட்டத்தைச் சிறு சுத்தியலால் நெடுகத் தட்டுக. நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். இற்ற இரும்பு மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தைத் திருப்புளி முனையால் அழுத்துக. ஸ்பிரிங் பட்டை மாட்டியுள்ள இடங்கள், பின் குறுக்குச் சட்டம், பாட்டரியின் அடிப்பகுதி ஆகியவை முக்கியம்.

2. அடிச்சட்டத்தில் பொறித்த எண் தெளிவாக வாசிக்க இயல்கிறதா, பதிவுப் புத்தகத்திலுள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க. துரு அந்த எண்ணைத் தின்றுவிட்டால் மறுபதிவு தடைப்படும்.

3. பிரேக் எண்ணெய் செல்லும் குழாய்களை விரலால் தடவிப் பார்க்க. செதில் செதிலாக உதிர்ந்தால் எல்லாக் குழாய்களையும் மாற்றும் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

4. கியர்ப் பெட்டி, டிரான்ஸ்பர் கேஸ், முன் பின் அச்சுகள் ஆகியவற்றின் எண்ணெயைச் சிறிது எடுத்துப் பார்க்க. பால் கலந்த காப்பியின் நிறம் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. வண்டி ஆழமான நீரில் நின்றிருக்கிறது.

5. மணலான இடத்தில் 'லோ' நிலையில் ஓட்டி, முன் சக்கரங்கள் உண்மையிலேயே இழுக்கின்றனவா என்று பார்க்க. வளைத்து ஓட்டும்போது முன் அச்சில் 'டக் டக்' என்ற ஓசை கேட்கலாகாது. பலகாலம் உபயோகிக்காத தண்டு இறுகியிருப்பது உண்டு.

6. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது முதன்முறையாக நீங்களே ஓடவிடுங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் மற்றொரு நாள் வருவதாகக் கூறித் திரும்புக.

கூடுமானால் கடலோரத்தில் ஓடாத வண்டியாக, உள்நாட்டு மாவட்டங்களில் தேடுவது நலம். பத்தாயிரம் ரூபாய் அதிகமானாலும் துருவற்ற சட்டமே மலிவானது.

பத்திரங்கள்

சொந்த உபயோக வண்டியின் முதற்பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இப்புதுப்பித்தலின் கட்டணம் கார் வகைக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. மிகப் பழைய வண்டி எனில் இப்போதைய கட்டணத்தையும் பசுமை வரியையும் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்து விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

அரசு அலுவலகங்கள் கழித்த ஜீப்பை ஏலத்தில் எடுத்து ஓட்டுவது முன்பு வழக்கம். 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அவை உடைப்புக்கே செல்லும். அத்தகைய வண்டியை ஓட்டலாம் என்று எவரேனும் கூறினால் நம்பற்க.

விற்பவரிடம் கடன் பாக்கியின்மைச் சான்று, நடப்பு இன்சூரன்ஸ், பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 ஆகியவற்றைப் பெற்ற பின்னரே முழுத்தொகை தருக. பெயர் மாற்றத்துக்கு வாங்குபவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸைச் சங்கத்தின் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் எழுத வேண்டும்.

சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியில் பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றுவது குற்றம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸும் கைகொடாது. வாடகை எண்ணமிருந்தால் சரக்கு வண்டியாகப் பதிவானதையே வாங்க வேண்டும். அதற்குத் தகுதிச் சான்று எட்டு ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கொரு முறையும், பிறகு ஆண்டுதோறும் தேவை.

கணக்கு சொல்வது என்ன?

யானை வாங்கியபின் தீனிக்கு விழிப்பதில் பயனில்லை. உதாரணமாக ஒரு கணக்கு போடுவோம். இதிலுள்ள தொகைகள் விளக்கத்துக்கே. உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்க.

வண்டி விலை 3,00,000 ரூபாய். உடனடிப் பழுதுபார்ப்பு 60,000. ஐந்தாண்டுக்குப்பின் 1,10,000க்கு விற்பதாகக் கொண்டால் ஆண்டுத் தேய்மானம் 50,000. இன்சூரன்ஸ், வரி, டயர், பழுது 60,000. ஓட்டுநர் சம்பளம் மாதம் 12,000 வீதம் 1,44,000. ஆண்டில் 250 நாள், நாளுக்கு 40 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 கிலோமீட்டர், லிட்டர் 95 ரூபாய் எனில் டீசல் 95,000. ஆக மொத்தம் 3,49,000 ரூபாய்.

இனி வாடகைக் கணக்கு. வழி நன்றாயிருக்கும் நாளில் சுமை ஆட்டோ 900 ரூபாய். வழி கெட்ட நாளில் டிராக்டர் 2,000 ரூபாய் என்போம். ஆண்டில் 50 நாள் வழி கெடுமானால் வாடகை மொத்தம் 2,80,000 ரூபாய்தான். வழி கெடும் நாள் ஏறத்தாழ 113ஐத் தாண்டினால் ஒழியச் சொந்த வண்டியால் இலாபமில்லை. ஆதலின் வண்டி தேடுமுன் ஓராண்டுக்கு ஒரு நோட்டில் வழி கெட்ட நாட்களைக் குறித்து வருக. ஆழம் தெரியாமல் காலை விடலாகாது.

ஆனால் இரண்டு சங்கங்கள் ஒரே வண்டியைப் பகிர்ந்துகொண்டால் கணக்கு மாறுகிறது. இரு நடைக்கு டீசல் 95,000 கூடும். கூடுதல் தேய்வுக்கு 30,000 சேர்ப்போம். மொத்தம் 4,74,000. சங்கம் ஒன்றுக்கு 2,37,000. ஒவ்வொரு சங்கத்துக்கும் வாடகையைவிட 43,000 ரூபாய் மீதம்!

"இரு குப்பத்துக்கும் ஒரே நேரத்தில் மீன் வந்தால் யாருக்கு முதல் நடை?" என்று கேட்பீர்கள். இதற்கு விடை ஏரியிலேயே இருக்கிறது. எந்தக் குழு, எந்த நாளில், எந்த இடத்தில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிரும் 'பாடு' முறையைப் பழவேற்காட்டு மீனவர் தலைமுறைகளாகக் கையாண்டு வருகின்றனர். ஏரியையே முறைவைத்துப் பகிரத் தெரிந்தவர்களுக்கு ஒரு ஜீப்பைப் பகிர்வது அரிதன்று. முதல் நடை முறை, செலவுப் பங்கு, பழுதுக்குப் பொறுப்பு ஆகியவற்றை எழுத்தில் ஒப்பந்தமாக்கி, இரு சங்கப் பொதுக்குழுவிலும் தீர்மானம் நிறைவேற்றி, துறையின் அனுமதியும் பெற்றுவிட்டால் போதும். இதற்குச் சரக்கு வண்டிப் பதிவு அவசியம் என்பதை மறவற்க.

வாங்கிய பின்

மணலில் இறங்குமுன் டயர் காற்றை 30 பவுண்டிலிருந்து 18 அளவுக்குக் குறைத்தால் டயர் பரந்து மிதந்து செல்லும். சாலை ஏறியதும் மீண்டும் நிரப்ப வேண்டும். அதற்குக் காற்றுப் பம்பு வண்டியிலேயே இருக்கட்டும். மண்வெட்டி, கயிறு, இரண்டு பலகைகள் எப்போதும் உடனிருக்க வேண்டும்.

ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே என்பதால் குறுக்கே ஓட்டிச் செல்லும் ஆசை எழும். அடியிலுள்ள உளைக்கு ஆழம் காண இயலாது. ஜீப் தோணியன்று. கடற்கரை மணலிலும், குறிப்பாகத் தை முதல் பங்குனி வரை இரவில், வண்டி செலுத்துதல் கூடாது. அது பங்குனி ஆமை முட்டையிடும் காலம். அவ்வாமை சட்டப் பாதுகாப்பு பெற்றது.

உப்புச் சேற்றில் ஓடிய அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுக. உவர்ப்பான ஆழ்குழாய் நீரால் கழுவுவது துருவுக்கு உரமிடுவதே. குப்பத்தில் நல்ல நீர் அருமையெனில், பொன்னேரி செல்லும் நாளில் அங்கே கழுவச் செய்க. அடிச்சட்டத்தின் வடிகால் துளைகளை அடைபடாமல் வைத்து, வாரந்தோறும் கிரீஸ் இடுக. கழிவு எண்ணெயை ஏரியில் ஊற்றுவது நம் சோற்றில் நாமே மண் போடுவதாகும்.

இறுதியாக, வண்டியோடு ஒரு நடைக் குறிப்பேடும் வாங்குக. தேதி, புறப்பட்ட இடம், சுமை, கிலோமீட்டர், டீசல், யார் பொருட்டு என்பன நாள்தோறும் எழுதப்பட வேண்டும். தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சென்றாலும் அதில் ஏறட்டும். நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் ஒரு சகோதரியையோ, பாம்பு தீண்டியவரையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால் எவர் அனுமதியும் கேட்காமல் ஓட்டுநர் புறப்படலாம், கட்டணம் வாங்கலாகாது என்று முன்கூட்டியே தீர்மானம் எழுதிவைப்பது நன்று. அந்நடையும் ஏட்டில் ஏறட்டும். அதன் செலவை எந்த அங்கத்தினரும் நஷ்டமென்று கருதமாட்டார்.